கோப்பிக்காரி ஜீவராணி

ஜீவராணிக்குத் தேத்தண்ணி பிடிக்காது. இலங்கையில் கஹவத்தைக்கு மேலே, ரப்பர் மரங்கள் முடிந்து தேயிலை தொடங்கும் மேட்டில் உள்ள தோட்டம் ஒன்றில் பிறந்தவள் அவள். அங்கேயே கொழுந்து பறித்தாள், அங்கேயே கலியாணம் முடித்தாள். இப்போது அதே தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். இப்படிப்பட்ட ஒருத்தி தனக்குத் தேத்தண்ணி பிடிக்காது என்றால் யார் நம்புவார்கள்? அதனால் அவள் வெகுகாலம் யாரிடமும் சொல்லவே இல்லை. கொடுத்ததை வாங்கிக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தாள்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோதும் தேத்தண்ணி அவளை விடவில்லை. அந்த வீட்டு மேடம் கெட்டவள் இல்லை. சம்பளத்தை இழுத்தடித்ததில்லை, கை நீட்டியதில்லை. ஜீவராணி போன முதல் வாரமே கடைக்குப் போய் ஒரு பெரிய பெட்டி சிலோன் தேயிலை வாங்கி வந்து, "இது உனக்கு, உன் நாட்டுச் சாமான்" என்று சிரித்த முகத்தோடு நீட்டினாள். அன்பாகத்தான் கொடுத்தாள். ஆனாலும் ஜீவராணிக்கு உள்ளுக்குள் ஏதோ சுருக்கென்றது. அந்தப் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தபோது, இடுப்பில் கட்டி மழையில் நனைந்த சாக்கும் முதுகில் கொழுந்துக் கூடையின் பாரமும்தான் நினைவுக்கு வந்தன.

அந்த வீட்டுச் சமையலறையில் ஓர் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் இருந்தது. காலையில் ஐயாவுக்கும் மேடத்துக்கும், மாலையில் விருந்தாளிகளுக்கும் ஜீவராணிதான் அதில் கோப்பி போட்டாள். கொட்டையை அரைத்து, கைப்பிடி வைத்த சிறிய கிண்ணத்தில் தூளை நிரப்பி, சமமாக அமுக்கி, மெஷினில் மாட்டி முறுக்கினால், சுடுநீர் அழுத்தத்தோடு தூளுக்குள் புகுந்து தேன் போல இறங்கும். மெஷின் நன்றாகச் சூடேற வேண்டுமென்பதால் முதலில் இறங்கும் கோப்பியைக் கீழே கொட்டிவிடச் சொல்லியிருந்தாள் மேடம். ஒருநாள் ஜீவராணி அதைக் கொட்டவில்லை. சிங்க் அருகே நின்றபடியே, அவசர அவசரமாக ஒரே மடக்கில் குடித்தாள். நாக்கு சுட்டது. கசப்பு தொண்டையில் இறங்கி நின்றது. அதன் பின்னால், எதிர்பாராத ஓர் இனிப்பு வந்தது.

அங்கே இருந்த காலம் முழுக்க அவள் கோப்பி குடித்தது அப்படித்தான். கொட்ட வேண்டியதைக் குடித்தாள். நின்றுகொண்டே குடித்தாள். ஒருநாளும் உட்கார்ந்து குடிக்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது, அனுப்பிய பணத்தில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குக் கூரை மாறியிருந்தது, மகள் டிலானி படித்து முடித்துக் கொழும்பில் ஒரு கம்பனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பிள்ளைக்காம்பராப் பெண்களோடு சேர்ந்து போட்ட சீட்டு ஜீவராணிக்கு விழுந்தபோது, ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். டிலானிக்குச் சங்கிலி எடுத்து வை என்றாள் அடுத்த காம்பராவில் இருக்கும் கணவனின் அக்கா புஷ்பவதி. பெரிய டிவி ஒன்று எடுக்கலாமா என்று மெல்லக் கேட்டான் கணவன் காளிதாஸ். ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை செய்யும் அமைதியான மனுஷன் அவன்.

"எனக்கு ஒரு கோப்பி மெஷின் வேணும்," என்றாள் ஜீவராணி.

காளிதாஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

கொழும்புக் கடைக்கு அவளைக் கூட்டிப்போனது டிலானிதான், அதுவும் அரை மனதோடு. கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனதும் விற்பனைப் பையன் ஒருவன் ஜீவராணியின் செருப்பைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். "அம்மே, கெட்டில் எல்லாம் அந்தப் பக்கம்," என்று சிங்களத்தில் சொல்லிக் கையைக் காட்டினான்.

"கெட்டில் என்கிட்ட இருக்கு," என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். "எஸ்பிரெஸ்ஸோ மெஷின் காட்டுங்க."

அவன் முதலில் காட்டியது, சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்த கோப்பியைப் போட்டுப் பொத்தானை அமுக்கும் வகை. வேலையே இல்லை, பச்சைப் பிள்ளைகூடப் போடும் என்றான். அந்த டப்பா தீர்ந்தால் கஹவத்தையில் எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டாள். அடுத்து, தானே அரைத்துத் தானே ஊற்றும் பெரிய மெஷின் ஒன்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். உள்ளே பழுதானால் யார் திறப்பார்கள் என்றாள். கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றான். "அப்ப அது இங்கயே இருக்கட்டும்," என்றாள்.

மூலையில் கைப்பிடி வைத்த சிறிய மெஷின் ஒன்று இருந்தது. ஒரு பொத்தான், ஓர் ஆவிக்குழாய், பின்னால் தண்ணீர்த் தொட்டி. அதிகப்படியாக ஒன்றுமில்லை. ஜீவராணி கைப்பிடியைக் கழற்றி உள்ளே இருந்த சல்லடைக் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒரே ஓர் ஊசித்துளை. எந்தத் தூளைப் போட்டாலும் நுரையைக் காட்டி ஏமாற்றுகிற சல்லடை அது. முழுக்கத் துளை உள்ள மற்றது எங்கே என்று கேட்டாள். பையன் பெட்டிக்குள் தேடி எடுத்துக் கொடுத்தான்.

"இத ஓட்டிக் காட்டுங்க."

"அப்பிடி ஓட்டிக் காட்டுற வழக்கம் இல்ல, அம்மே."

"அம்மா, வாங்க போவோம்," என்று டிலானி தமிழில் கிசுகிசுத்தாள். சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஜீவராணி பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஓடுமான்னு தெரியாத சாமானுக்கு நான் எப்பிடி காசு குடுக்குறது? நீங்க தண்ணி எடுத்துட்டு வாங்க. நான் உக்காந்திருக்கேன்."

பையன் மேலாளரைப் பார்த்தான். மேலாளர் தலையாட்டினார். தண்ணீர் வந்தது, பிளக் வந்தது, மெஷின் உறுமியது, ஆவி சீறியது. அவள் எழுந்து, அதனோடு ஓர் அரைக்கும் மெஷினும் வேண்டுமென்றாள். கடையில் விற்கும் தூளே போதும் என்றான் பையன். போதாது என்று அவளுக்குத் தெரியும். கோப்பி மெஷின் சிறியதாக இருந்தால் பரவாயில்லை, அரைக்கும் மெஷின் மட்டமாக இருந்தால் ஒன்றுக்கும் உதவாது. கையிலிருந்த காசை அவள் அப்படித்தான் பிரித்துச் செலவழித்தாள்.

பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். காம்பராக்கள் வரிசையாக நிற்கும் லயத்து வாசலில் இறக்கியபோது புஷ்பவதி ஓடி வந்தாள்.

"என்னாடி இது, தையல் மெஷினா?"

"கோப்பி மெஷின், அண்ணி."

"கோப்பி மெஷினா? நாலு ஊருக்குத் தேயில குடுக்குற எடத்துல ஒக்காந்துகிட்டு ஒனக்கு என்னா கோப்பி கேக்குது? கொழுந்து எடுத்த கையிடி அது!"

"கொழுந்து எடுத்த கையிதான் அண்ணி. வாய் என்னோடது."

அன்று மாலைக்குள் அந்தப் பேச்சு மூன்று லயத்துக்கும் போய்விட்டது. மறுநாள் முதல் அவள் பெயர் கோப்பிக்காரி.

முதல் சில நாட்கள் கோப்பிக்காரி என்ற பெயருக்கே இழுக்காகத்தான் போயின. கொழும்பில் வாங்கிய கொட்டையைச் சிக்கனமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, கஹவத்தைக் கடையில் கொத்தமல்லி போட்டு மாவு மாதிரி இடித்த தூளை வாங்கி அடைத்தாள். மெஷின் முக்கியது. ஒரு சொட்டு இறங்கவில்லை. கைப்பிடியைக் கழற்றப் போனவளின் சேலை, சுவர், அடுப்பு எல்லாவற்றிலும் கறுப்புச் சேறு தெறித்தது. காளிதாஸ் வாசலில் நின்று பார்த்தான். பிறகு துணியை எடுத்து நீட்டினான். அடுத்த தடவை பெரிதாக அரைத்துவிட்டாள், தண்ணீர் குழாயைத் திறந்தது போலக் கொட்டியது. வாயில் வைத்தால் புளிப்பு. குவைத்தில் எல்லாம் மேடம் முன்பே சரிப்படுத்தி வைத்திருந்தாள், இவள் போட்டு இறக்கினாள், அவ்வளவுதான். இப்போதுதான் அவள் தானே கற்றுக்கொண்டாள். அரைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியாக்கி, ஒவ்வொரு தடவையும் குடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, மறுபடி திருப்பினாள்.

கொழும்புக் கொட்டை தீர்ந்ததும் லயத்துக்குப் பின்னால் ஓடையோரம் யாரும் கவனிக்காமல் நிற்கும் கோப்பி மரங்களில் பழம் பொறுக்கினாள். காயவைத்து, தோலுரித்து, தாச்சியில் வறுத்தாள். வறுத்த அன்றே போட்டால் வெறும் நுரையாக வருகிறது, சில நாள் டின்னில் கிடந்தால்தான் சுவை இறங்குகிறது என்று கண்டுபிடித்தாள். அந்தக் கோப்பி மேடம் வீட்டுக் கோப்பி போல இல்லை. இன்னும் கசப்பு, இன்னும் கறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கைப்பிடியின் நுனியிலிருந்து அது எலிவால் போல மெல்லியதாக இறங்கி, மேலே பழுப்பு நுரை கட்டி நின்றது. ஜீவராணி வாசலில் நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க மெதுவாகக் குடித்தாள்.

வந்தது வினை கோயில் திருவிழாவில். பொழுது சாயும் நேரம், பூசை தொடங்கி மைக்கில் பாட்டுப் போட்டிருந்தார்கள். திடீரென்று மூன்று லயமும் கோயிலும் இருண்டன. மெழுகுவர்த்தி தேடும் சத்தத்துக்கு நடுவே யாரோ, "கோப்பிக்காரி மெஷினப் போட்டிருப்பா" என்றார்கள். அவ்வளவுதான். மறுநாள் காலை தோட்டத்துத் தலைவர் சுரேந்திரன் கோயில் முன்னால் ஆட்களைக் கூட்டிவிட்டார். தொழிலாளர் பிரச்சினையைத் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா வரைக்கும் கொண்டுபோய்ப் பேசுகிறவர் அவர். அவர் சொன்னால் தோட்டம் கேட்கும்.

"இங்க பாரு தங்கச்சி," என்றார். "சாமி காரியத்துல வெளக்கு அணைஞ்சா அது நல்லதில்ல. லயத்துக் கம்பி எல்லாம் பழசு. அந்த மெஷின வித்துப்புடு. ஒரு ஆளோட ஆசைக்கு அம்பது குடும்பம் இருட்டுல கெடக்க முடியாது."

"மெஷின் இழுக்குற கரண்டுதான் இஸ்திரிப் பொட்டியும் இழுக்குது, தலைவரே. ஒங்க சட்ட மடிப்பு கலையாம நிக்குதே, அத யாரும் கேக்கலியே?"

சிலர் சிரித்துவிட்டார்கள். தலைவரின் முகம் சிவந்தது. "வெளிநாட்டுக் காசு பேசுது," என்றார்.

"நான்தான் பேசுறேன். நிஸார் பாயக் கூட்டிட்டு வந்து கம்பியப் பாக்கச் சொல்றேன். எம்மேல தப்புன்னா நானே சொல்றேன்."

நிஸார் கஹவத்தைச் சந்தியில் மின்சார வேலை செய்பவர். மழைத் தூறலில் மோட்டார் சைக்கிளில் வந்து, லயம் லயமாகப் பார்த்துக்கொண்டே மேலே போனார். வளைவில் இருந்த கம்பத்தின் மேல் அல்பீசியா மரத்துக் கிளை ஒன்று முறிந்து கம்பியில் சாய்ந்து கிடந்தது. திருவிழாவன்று அடித்த காற்றில் விழுந்திருக்க வேண்டும். அதைத் தலைவரே வந்து கண்ணால் பார்த்தார். பிறகு நிஸார் ஜீவராணியின் காம்பராவுக்குள் வந்து சுவரில் இருந்த பிளக்கைக் கழற்றினார். உள்ளே கருகியிருந்தது.

"தங்கச்சி, கரண்டு போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல," என்றார் மெதுவாக. "ஆனா இத இப்பிடியே விட்டா ஒருநாள் வீடு பத்திக்கும். ஒங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், நான் மாத்திடுறேன்."

ஜீவராணி கருகிய பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆட்கள் இன்னும் கூடி நின்ற கோயில் முன்னால் நேராகப் போனாள். மறைத்துவிட்டு நிமிர்ந்து நிற்க அவளுக்கு இஷ்டமில்லை.

"கரண்டு போனது கிளையால," என்றாள் எல்லாருக்கும் கேட்க. "ஆனா எம் பிளக்கும் கருகித்தான் இருந்துச்சு. நான் பாக்காம விட்டது தப்பு. நிஸார் பாய் பெரிய பிளக்குப் போட்டு, மெயின்ல இருந்து தனிக் கம்பி இழுத்துத் தாறாரு. பிளக்க மாத்துறேன். மெஷின மாத்த மாட்டேன்."

ஆளாளுக்குத் தங்கள் காம்பரா பிளக்கையும் பார்க்கச் சொல்லி நிஸாரை இழுத்துக்கொண்டு போனதால், அந்தக் கூட்டம் அத்தோடு கலைந்தது.

இதெல்லாம் பங்களாவுக்குப் போகாமல் இருக்குமா? சில வாரம் கழித்து, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். துரை வீட்டிலும் இதே மாதிரி மெஷின் ஒன்று பெட்டியோடு கிடக்கிறது, பங்களா சமையற்காரருக்கு அது கைக்குப் படியவில்லை, ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், ஜீவராணி வந்து கோப்பி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று துரை சொன்னார் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, ஏதோ வெகுமதி கொண்டுவந்தவர் போல.

ஜீவராணியின் மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பாமல் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம எனக்கு லீவுங்க. வர ஏலாது."

"அட, சும்மா ரெண்டு மணித்தியால வேல. தொர ஏதாச்சும் தருவாரு."

"அதுக்கில்லீங்க. நான் யாருக்கும் போட்டுக் குடுக்குறதுக்காக அத வாங்கல. நான் குடிக்க வாங்கினேன்."

இதைத் துரையிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று கணக்கப்பிள்ளைக்குத் தெரியவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். தலைவர் சுரேந்திரனே வந்து, "இது ஒனக்கு மட்டுமில்ல, நம்ம லயத்துக்கே மதிப்பு" என்றார். மெஷினை விற்கச் சொன்னவரும் அவரே. பங்களா வாசற்படி ஏறக் கிடைத்த வாய்ப்பைத் தூக்கி எறிகிறாளே என்று புஷ்பவதி தலையில் கை வைத்தாள். ஜீவராணி வந்தவர்களுக்கெல்லாம் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, பால் இல்லாத பிளேன்டீ போட்டுக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை போகவில்லை.

அடுத்த வாரம் காளிதாஸை ரோலரிலிருந்து எடுத்து, தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலைக்குப் போட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மாலையில் முகமெல்லாம் வெந்து, கண் சிவந்து வந்தான்.

"ஒரு நாள் போய்ட்டு வந்திருக்கலாம் இல்ல, ஜீவா," என்றான்.

அவன் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒரு நாள்னா போயிருப்பேங்க. ஒரு நாளோட நிக்குமா? அப்புறம் யாரு வந்தாலும் கோப்பிக்காரியக் கூப்பிடுன்னுதான் வரும். குவைத்துல அவங்க சம்பளம் குடுத்தாங்க, போட்டேன். அது வேல. இது என் வீட்டுல இருக்குற என் சாமான். இதையும் வேலையாக்கிட்டா எனக்குன்னு என்னா இருக்கு?"

காளிதாஸ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் பேச்சு அவனுக்குப் புரிந்ததா என்று அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து ஸ்டோர் வாசலில் தலைவர் அவனை நிறுத்தி, "சம்சாரத்தோட பிடிவாதத்தால நீ வேகுற, பாத்தியா" என்றபோது, ஒருவரையும் எதிர்த்துப் பேசி அறியாத அந்த மனுஷன் சொன்னதை லயம் முழுக்கப் பேசியது.

"நெருப்புகிட்ட நிக்கிறது நானு, தலைவரே. ஒங்களுக்கு என்னா சுடுது?"

மழைக்காலம் முடியும் வரைக்கும் அவன் அடுப்பில்தான் நின்றான். ரோலருக்குப் போட்ட புதுப் பையனால் சமாளிக்க முடியாமல் போனதால், யாரும் எதுவும் சொல்லாமலே பழைய இடத்துக்கு எடுத்துவிட்டார்கள். பங்களாவிலிருந்து மறுபடி ஆள் வரவில்லை.

புஷ்பவதிக்குத்தான் பொறுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாள் தவறாமல் அந்த மணம் போய்க்கொண்டிருந்தது. ஒரு காலை, ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போகுமுன் அவள் கோப்பையோடு வந்து வாசலில் நின்றாள்.

"சரி, ஊத்து. அப்பிடி என்னாதான் இருக்குன்னு பாக்குறேன். சீனி நெறையப் போடு."

"ஊத்த மாட்டேன் அண்ணி. உள்ள வாங்க."

"ஏண்டி, வீடு தேடி வந்தவளுக்கு ஒரு வாய் குடுக்க மாட்டியா?"

"மெஷின் இருக்கு, கொட்ட இருக்கு, தண்ணி இருக்கு. நீங்களே போட்டுக் குடிங்க. எத்தன வேணாலும் குடிங்க."

புஷ்பவதி வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். கைப்பிடியைத் தலைகீழாகப் பிடித்தாள். தூளைத் தரையில் சிந்தினாள். அமுக்கியது கோணலாகப் போய், ஒரு பக்கமாக மட்டும் வெளிறிய தண்ணீர் பீய்ச்சியது. ஜீவராணி கை கட்டி நின்றாள். ஒரு தடவைகூடக் கையை நீட்டவில்லை. அந்த மட்டமான கோப்பியை, நாலு கரண்டி சீனி போட்டு, புஷ்பவதி முகத்தைக் கோணிக்கொண்டு குடித்தாள்.

"தூ! மருந்து மாதிரி இருக்கு."

"நேரா அமுக்கணும் அண்ணி."

"தள்ளு," என்றாள் புஷ்பவதி, கைப்பிடியை மறுபடி கழற்றிக்கொண்டே. "இன்னொருக்காப் போட்டுப் பாக்குறேன்."